பதினோராவது ஊர்

பிரேத அறை வாசலில் நின்ற ஊழியர் நீட்டிய பொலித்தீன் பையை பிரான்சிஸ்கா இரண்டு கையாலும் வாங்கினாள். முடிச்சை அவிழ்த்து உள்ளே பார்த்தாள். பிறகு பழையபடி முடிச்சைப் போட்டு அவரிடமே நீட்டினாள்.

"இது எங்கட ஆள்ட உடுப்பில்ல தம்பி. மாறிப்போச்சு."

அந்த மனிதர் பையில் ஒட்டியிருந்த துண்டைப் படித்தார். "லோறன்ஸ். எத்தாளை. வயசு அம்பத்தெட்டு. சரிதானே?"

"பேர் சரி. உடுப்புத்தான் பிழை. நேத்து அவர் நீலச் சேட்டும் கறுத்தச் சாரமும் உடுத்திட்டுப் போனவர். நான்தான் எடுத்துக் குடுத்தது."

பைக்குள் கருஞ்சிவப்பில் கணுக்கால் வரை நீளமான அங்கி ஒன்று இருந்தது. கழுத்திலும் கையோரத்திலும் மஞ்சள் சரிகை வைத்துத் தைத்திருந்தார்கள். முன்பக்கம் மேலிருந்து கீழாகக் கத்திரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தது.

அவளுக்குப் பின்னால் நின்ற முனாஸ் மெல்ல முன்னுக்கு வந்தார்.

"அக்கா, அது அண்ணன்டதான். நாடக உடுப்பு. கழட்ட நேரம் இருக்கல்ல. இங்க கொண்டு வந்த பொறகு டொக்டர்மார்தான் வெட்டி எடுத்தாங்க. நீலச் சேட்டு வானுக்குள்ள இருக்கு."

பிரான்சிஸ்கா பையை மறுபடி வாங்கி இடுப்போடு அணைத்துக்கொண்டாள். சற்றுமுன் உள்ளே போய் முகத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். நெற்றியோரத்தில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. கடலுப்பு என்று நினைத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். போகவில்லை. அது வயதான ராசாவுக்காகப் பூசிய நரை என்று இப்போதுதான் விளங்கியது.

முனாஸ் புத்தளத்தில் பாடசாலை ஆசிரியர். ஆறேழு பேரைச் சேர்த்து ஒரு நாடகக் குழு வைத்திருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் தவக்காலத்தில் எத்தாளைக் கோயிலில் போட்ட, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கு நாடகத்தைப் பார்க்க வந்தவர், பிலாத்துவாக வந்து கைகழுவிய லோறன்சைப் பார்த்துவிட்டு மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார். கிரேக்க தேசத்துப் பழைய துன்பியல் கதை ஒன்றை இந்தக் கரையோரத்துப் பேச்சில் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார். பிடிவாதக்கார ராசா ஒருவன், ஊரும் மகளும் சொன்னதைக் கேளாமல் இருந்து, கடைசியில் அந்த மகளைப் பறிகொடுக்கிற கதை. மண்டபமும் மேடையும் இல்லாத ஊர்களாகப் பார்த்துப் பதினாலு ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும், ராசாவாக நிற்க லோறன்ஸ் அண்ணனைவிட ஆள் கிடைக்காது என்றும் சொன்னார்.

பிரான்சிஸ்காவுக்கு அது பிடிக்கவில்லை. பாஸ்கு என்றால் நேர்த்திக்கடன். அதற்கொரு காரணம் இருக்கிறது. ஊர் பேர் தெரியாத ஒரு ராசாவுக்காக, கடலுக்குப் போகிற மனிதன் வேலையைப் போட்டுவிட்டு வயற்காட்டில் போய் அழுவதற்கு என்ன காரணம்? "வயசு போன காலத்தில இது என்ன பேயாட்டம்" என்று கேட்டுவிட்டாள். கேட்ட சொல்லைத் திருப்பி எடுக்க அவளுக்கு வரவில்லை. லோறன்ஸ் இரண்டு முறை அவளை நாடகம் பார்க்கக் கூப்பிட்டார். இரண்டு முறையும் கருவாடு காயப்போட வேண்டும் என்றாள். மூன்றாம் முறை கூப்பிட்டிருந்தால் போயிருப்பாள். அவர் கூப்பிடவில்லை.

நேற்று எலுவன்குளம். அது பதினோராவது ஊர்.

மரண விசாரணை அதிகாரி பத்து மணிக்கு வந்தார். தலை நரைத்த, நிதானமான மனிதர். கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பிரான்சிஸ்காவைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு, கூட வந்த நிலானிக்கும் ஒரு கதிரை எடுத்துப் போடச் சொன்னார். நிலானி பிரான்சிஸ்காவின் தங்கச்சி மகள். எழுத்து வாசிப்புக்கு உதவியாக வந்திருந்தாள். பொலிஸ்காரர் ஒருவர் மேசையோரத்தில் எழுத ஆயத்தமாக இருந்தார்.

"இவருக்கு முன்ன ஏதும் வருத்தம் இருந்ததா அம்மா? சீனி, பிரஷர், நெஞ்சு வருத்தம்?"

"இல்ல சேர். தலையிடிக்குக்கூட குளிசை போட மாட்டார்."

"கிளினிக் போறவரா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"முப்பத்திரெண்டு வருசம் சேர். எனக்குத் தெரியாதா?"

அவர் பேனையை மூடினார். "வருத்தம் ஒண்டும் இல்லாத ஆள் திடீரெண்டு மௌத்தாப் போனா, பிரேத பரிசோதனை செய்யாம என்னால முடிவு எழுத ஏலாது. இண்டைக்குச் சனி. அதைச் செய்யிற டொக்டர் திங்கக்கிழமைதான் வருவார். அதுவரைக்கும் இங்கதான் இருக்கோணும்."

வீட்டில் கூடாரம் போட்டாயிற்று. ஞாயிறு மூன்றரைக்கு அடக்கம் என்று சுவாமியிடம் சொல்லியாயிற்று. பிரான்சிஸ்கா அவற்றை நினைக்கவில்லை. மடியில் இருந்த பையைத்தான் பார்த்தாள். உடுப்பை வெட்டியாயிற்று. இனி ஆளையும் வெட்டுவார்கள்.

கதவடியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"சேர், அவருக்கு கிளினிக் கொப்பி இருக்கு."

கறுத்த அபாயா உடுத்த பெண்பிள்ளை ஒருத்தி நின்றாள். இருபத்தாறு வயது இருக்கும். கண்ணோரத்தில் மை கழுவப்பட்டும் படாமலும் இருந்தது. பிரான்சிஸ்கா அவளை வானுக்குள் இருந்து எட்டிப் பார்க்கும் முகமாக மட்டும் அறிவாள். முஃப்லிஹா, கரைத்தீவுப் பிள்ளை, புத்தளத்தில் சின்ன வகுப்புக்குப் படிப்பிக்கிறாள், நாடகத்தில் ராசாவின் மகள் என்று லோறன்ஸ் சொல்லியிருந்தார். அவள் வந்து, கைப்பையிலிருந்து உறை போட்ட கொப்பி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். உறையில் லோறன்சின் கையெழுத்து. பேரை எப்போதும் போல் கொஞ்சம் பெரிதாக எழுதியிருந்தார்.

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார்.

"நெஞ்சு வருத்தந்தான். ஒரு வருசமா மருந்து எடுத்திருக்கார். மாசத்தில ரெண்டாம் வியாழன், ஒண்டும் விடல்ல. போன மாசம் கொழும்புக்குப் போய்ச் சோதிக்கச் சொல்லி எழுதியிருக்கு. போனவரா?"

"இல்ல சேர்." முஃப்லிஹாவின் குரல் தாழ்ந்திருந்தது. "பதினாலு ஊரும் முடியட்டும், பொறகு போறேன் எண்டவர்."

"இந்தக் கொப்பி எப்பிடி உங்களிட்ட?"

"வீட்டில வைக்க ஏலாது எண்டு தந்து வச்சிருந்தார்."

ஒருவரும் பிரான்சிஸ்காவைப் பார்க்கவில்லை. அவளுக்கு இரண்டாம் வியாழன்கள் நினைவுக்கு வந்தன. நாடகம் பழகப் போவதாகச் சொல்லி விடிய முதல் பஸ்ஸுக்குப் புறப்படுவார். சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுப்பாள். அவருக்குப் பிடிக்கும் என்று சம்பலில் உப்பைக் கூட்டிப் போடுவாள். ஒரு வருடம் முழுக்க, நெஞ்சு வருத்தக்காரனுக்கு.

"அப்ப வெட்டத் தேவையில்ல, முடிக்கலாம்" என்றார் அதிகாரி. "ஆனா ஒண்டு இருக்கு அம்மா. வருத்தம் தெரிஞ்சும் வெயிலுக்குள்ள நிண்டு நடிச்சிருக்கார். நடிக்கக் கூட்டிட்டுப் போனவங்க இருக்காங்க. அதால நான் கேட்டே ஆகோணும். இந்தச் சாவில உங்களுக்கு யார் மேலயும் சந்தேகமோ முறைப்பாடோ இருக்கா? இருக்கு எண்டு சொன்னா, நான் பொலிசுக்கு அனுப்போணும். அவசரம் இல்ல. வெளிய போய் யோசிச்சிட்டு வாங்க."

வெளியில் வந்ததும் நிலானி தொலைபேசியை நீட்டினாள். நிரோசன். இத்தாலியில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவனுக்கு. நாலு வருடமாக விசாக் கடதாசிக்குக் காத்திருக்கிறான். இப்போது புறப்பட்டால் திரும்பப் போக முடியாது.

"அம்மா, நிலானி எல்லாம் சொன்னாள். வருத்தம் எண்டு தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுகொண்டே காட்டுக்குள்ள கொண்டுபோய் நடிக்க வச்சிருக்கிறாங்கள். பேரைச் சொல்லுங்க. அந்த மாஸ்டர்ட பேர், அந்தப் பெட்டைட பேர் எல்லாத்தையும். சும்மா விடக் கூடாது."

"மகன், சாப்பிட்டியா?"

"அம்மா, நான் என்ன கேக்கிறேன், நீங்க என்ன கேக்கிறீங்க."

"அங்க இப்பதானே விடியுது. நித்திரை கொள்ளல்லையா?"

"எனக்கு வர ஏலாதம்மா" என்றான் கடைசியில். "அதுக்காக ஒண்டும் செய்யாம இருக்கச் சொல்றீங்களா?"

"நான் பொறகு எடுக்கிறேன் மகன்."

மரத்தடியில் சீமெந்து வாங்கு ஒன்று இருந்தது. முஃப்லிஹா அதன் ஓரத்தில் இருந்தாள். சற்றுத் தள்ளி வானருகே முனாசும், வானைச் செலுத்தும் லாபிரும் நின்றார்கள். பிரான்சிஸ்கா போய் வாங்கின் மற்ற ஓரத்தில் இருந்து, பையை நடுவில் வைத்தாள்.

"ஆருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு மட்டுந்தான் அன்டி. மாஸ்டருக்கும் லாபிர் நானாக்கும் தெரியாது. மத்த ஆக்களுக்கும் தெரியாது."

"உனக்கு எப்பிடி?"

"போன வருசம் கிளினிக்கில உம்மாவோட நிக்கேக்க அங்கிளக் கண்டேன். ஒளிக்கப் பார்த்தார். பொறகு ஒவ்வொரு மாசமும் நான்தான் விடிய நம்பர் எடுத்து வைப்பேன். ஸ்கூலுக்குப் போற வழிதானே."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"சொல்ல வேணாம் எண்டு சத்தியம் வாங்கினவர். 'அவளுக்குத் தெரிஞ்சா கடலையும் நிப்பாட்டிப் போடுவாள், நாடகத்தையும் நிப்பாட்டிப் போடுவாள். பொறகு நான் வீட்டில என்னத்தச் செய்ய' எண்டார்."

அது சரிதான். நிப்பாட்டியிருப்பாள். வாசலில் பாயைப் போட்டுக் காவல் இருந்தாவது நிப்பாட்டியிருப்பாள்.

"நேத்து என்ன நடந்தது? ஒண்டும் விடாமச் சொல்லு."

முஃப்லிஹா விரல்களைக் கோத்துக்கொண்டு சொன்னாள். ஜும்ஆ முடிந்து சனம் வந்து சேர மூன்றரை மணி ஆனது. யானை வருகிற ஊர் என்பதால் பொழுதுபட முன்னம் முடிக்க வேண்டும். குளக்கட்டுக்குக் கீழே புளியமரத்தடி. நாடகத்தின் நடுவில் அவருக்கு அதிகம் வேர்த்தது. திரைக்குப் பின்னால் வந்தபோது நிறுத்துவோமா என்று கேட்டாள். தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். கடைசிக் காட்சியை ஒரு சொல்லும் குறையாமல் செய்தார். சனம் கைதட்டவில்லை, எழும்பவும் இல்லை. அவர் வந்து வாங்கில் இருந்ததும் நாக்குக்குக் கீழே குளிசை வைத்தாள். சரியாயிரும் என்றார். உடனே வானில் ஏற்றினார்கள்.

"காட்டு ரோட்டில யானை ஒண்டு நிண்டது அன்டி. லாபிர் நானா எஞ்சினை நிப்பாட்டிட்டார். பத்து நிமிசம் இருக்கும். ஹோன் அடிக்கவும் ஏலாது, பின்னுக்கு எடுக்கவும் ஏலாது. யானை போன பொறகு கையப் பிடிச்சுப் பார்த்தேன்."

ஆஸ்பத்திரிக்குப் பாண் கொண்டுவரும் வண்டி ஒன்று வந்து நின்று, பெட்டிகளை இறக்கிவிட்டுப் போனது.

"கடைசியா என்ன சொன்னவர்?"

முஃப்லிஹா அவளைப் பார்த்தாள், பிறகு நிலத்தைப் பார்த்தாள். "உங்களப் பத்தி ஒண்டும் சொல்லல்ல அன்டி. ராவெல்லாம் யோசிச்சேன், என்னத்தையாவது சொல்லுவோமா எண்டு. பொய் சொல்ல மனம் வரல்ல."

"சொன்னதைச் சொல்லு."

"லாபிர் நானா பதட்டப்பட்டுக்கொண்டிருந்தார். அங்கிள் அவர்ட தோளைத் தட்டி, 'யானைக்கு அவசரமில்ல லாபிர்' எண்டார். அவ்வளவுதான்."

பிரான்சிஸ்காவின் வாயோரம் அசைந்தது. அது அவருடைய கதைதான். பஸ் தவறினாலும் அவசரமில்லை என்றுதான் சொல்வார், வலை கிழிந்து வந்தாலும் அப்படித்தான். முப்பத்திரண்டு வருடமாக அவளை எரிச்சல்படுத்திய கதை.

"நான் சொல்லியிருக்கோணும் அன்டி" என்றாள் முஃப்லிஹா. "சத்தியத்தை முறிச்சாவது உங்களிட்ட வந்து சொல்லியிருக்கோணும்."

"ஓம்" என்றாள் பிரான்சிஸ்கா. "சொல்லியிருக்கோணும்."

முஃப்லிஹா தலையைக் குனிந்தாள். பிரான்சிஸ்கா எழும்பிப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதிகாரி கேள்வியை மறுபடி கேட்டார். யார் மேலயும் சந்தேகம் இருக்கா?

"இல்ல சேர்."

"முறைப்பாடு?"

"ஒருத்தர் மேலயும் இல்ல."

"இன்னொண்டு. இவர் நாடகத்துக்குப் போனது உங்கட விருப்பத்தோடயா?"

பிரான்சிஸ்கா யோசித்தாள். "இல்ல சேர். எனக்கு விருப்பமில்ல. ஆனா ஒவ்வொரு முறையும் சோறு கட்டிக் குடுத்தது நான்தான்."

பொலிஸ்காரர் எழுதுவதை நிறுத்தி அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி, "அப்பிடியே எழுதுங்க" என்றார்.

வெளியே வந்தபோது முனாஸ் பைக்குக் கை நீட்டினார். "தாங்க அக்கா, அத நாங்க கொண்டுபோறம். உங்களுக்கென்னத்துக்கு."

"இருக்கட்டும்" என்றாள். பிறகு கேட்டாள்: "மிச்சம் எத்தினை ஊர்?"

"மூண்டு."

வீட்டுக்கு வந்ததும் பையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து சனம் வரத் தொடங்கியது. முன்னறையில் பெட்டி. நீலச் சேட்டை லாபிர் கொண்டுவந்து கொடுத்திருந்தார், அதையே உடுத்தியிருந்தார்கள். நெற்றியின் வெள்ளையை, உடலை ஆயத்தப்படுத்திய மலர்ச்சாலைக்காரர்கள் எதையோ போட்டு எடுத்துவிட்டார்கள். தலைமாட்டில் பிரான்சிஸ்கா இருந்தாள். பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். முஃப்லிஹா வந்து வாசலோரத்தில் நின்றாள், உள்ளே வரலாமா என்று தெரியாமல். யாரோ கதிரை ஒன்றை இழுத்துவிட, கதவடியிலேயே இருந்துகொண்டாள்.

பதினொரு மணிபோல மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. எலுவன்குளத்திலிருந்து ஹயாத்து முகம்மது என்கிற வயற்காரர் வந்திருந்தார். நாடகத்துக்குப் புளியமரத்தடியைப் புல் செருக்கித் துப்பரவு செய்துகொடுத்தவர் அவர்தான். பின்னால் மருமகன், கையில் ஒரு பை புது அரிசி. கூடாரத்தில் இருந்த ஆண்களோடு போய் இருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் உள்ளே கேட்டது.

"மாஸ்டர், எனக்கு ஒரு கேள்வி இரிக்கி. அந்த ராசா செஞ்சது எப்பிடிப் பிழையாகும்? ஊருக்கு முன்னால ஒரு சொல்லச் சொல்லிட்டா சொன்னதுதானே. மாத்தினா ஆரு மதிக்கிற?"

"அதாலதானே மகள் போனாள்" என்றார் முனாஸ்.

"அது வேற கத."

"எப்பிடி வேற கதை?" எத்தாளைக் குரல் ஒன்று இடையில் வந்தது. லோறன்சோடு ஒரே படகில் போகிறவர். "பிள்ளை வந்து கேக்குதாம், இவன் கேக்கல்லயாம். அப்ப பிழை ஆர்ட?"

"பிள்ள கேட்ட விதம் சரியில்ல. சபையில வெச்சிக் கேக்கலாமா?"

"லோறன்ஸ் அப்பிடிப் பிடிவாதம் பிடிச்சவரா? வீட்டில அப்பிடிப் பிடிக்க ஏலாதே, பிரான்சிஸ்கா விட்டிருக்க மாட்டாளே."

சிரிப்பு எழும்பி, செத்த வீடு என்ற நினைப்பு வந்து அடங்கியது. செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்களும் ஒரு மணியைப் பிடித்தபடி நிறுத்திவிட்டிருந்தார்கள். பிரான்சிஸ்கா பெட்டிக்குள் இருந்த முகத்தைப் பார்த்தாள். தன் வீட்டு முற்றத்தில் தன் ராசாவைப் பற்றி ஊர் வழக்குப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் போலவே கிடந்தார்.

ஹயாத்து முகம்மது பிறகு உள்ளே வந்தார். தொப்பியைச் சரி செய்துகொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

"எங்கட ஊருக்கு எலக்சனுக்கு வாற ஆக்களத் தவிர ஒருத்தரும் வாறல்ல தங்கச்சி. இவர் வந்தார். என்ட பொஞ்சாதி ரெண்டு நாளா ஒரே கத, அந்த மனிசன் மெய்யா அழுதாரா, நடிச்சாரா எண்டு. நீங்க பாத்திரிப்பீங்களே. மெய்யாவா?"

"நான் பார்க்கல்ல" என்றாள் பிரான்சிஸ்கா. "ஒரு ஊரிலயும் பார்க்கல்ல. நீங்க சொல்லுங்க."

அவர் சுற்றிப் பார்த்தார். பெண்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூச்சத்தோடு ஆரம்பித்தார். ராசா இப்படி நின்றார், மகள் அப்படி வந்தாள் என்றார். மந்திரி சொன்னதைச் சேனாதிபதி சொன்னதாகச் சொன்னார். மகளின் பேரை இரண்டு விதமாகச் சொன்னார். கடைசிக் காட்சி வந்ததும் அவர் குரல் மாறியது. சேதி சொல்ல வந்தவன் வாயைத் திறப்பதற்கு முன்பே ராசாவுக்கு விளங்கிவிட்டது என்றார். கத்தவில்லை, நெஞ்சில் அடிக்கவில்லை. வெறும் நிலத்தில் குந்தியிருந்து, மகள் நடந்துபோன பக்கத்து மணலைக் கையால் தடவித் தடவிச் சமப்படுத்தினார் என்றார். "அவ்வளவுதான் தங்கச்சி. ஒரு சத்தமில்ல. எங்கட புள்ளைகள்கூட வாயத் தொறக்கல்ல."

அவர் தன் கையைக் காற்றில் மெல்ல அசைத்துக் காட்டினார். பிரான்சிஸ்கா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கதவடியில் இருந்த முஃப்லிஹா, அவர் பிழையாகச் சொன்ன ஓரிடத்தையும் திருத்தவில்லை. முகத்தை மறுபக்கம் திருப்பியிருந்தாள்.

"மெய்யாத்தான் இருக்கும்" என்றாள் பிரான்சிஸ்கா.

மூன்று மணிக்கு நிரோசன் வீடியோவில் வந்தான். நிலானி தொலைபேசியைக் கொண்டுவந்தாள். தாடி வளர்ந்து, கண் வீங்கிக் கிடந்தான்.

"பேர் சொன்னீங்களா அம்மா?"

"இல்ல மகன். ஒருத்தர் மேலயும் சந்தேகமில்ல எண்டு சொல்லிட்டேன்."

படம் நின்றுவிட்டதோ என்று நிலானி தொலைபேசியை ஆட்டிப் பார்த்தாள்.

"அப்பாட முகத்துக்கிட்டப் பிடிங்க" என்றான் பிறகு.

பிரான்சிஸ்காவே வாங்கிப் பிடித்தாள். கை உளைந்தது. சுவாமி வந்து பெட்டியை மூட வேண்டும் என்று சொல்லும் வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

அடக்கம் செய்கிற சேமக்காலை கோயிலுக்குப் பின்னால், வெறும் கடல்மணல். தோண்டத் தோண்டச் சரியும். லாபிரும் முனாசும் மற்ற ஆண்களோடு சேர்ந்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மண் தள்ளினார்கள். முஃப்லிஹா சேமக்காலைக்கு வரவில்லை. வீட்டில் நின்ற இரண்டு பெண்களோடு நின்றுகொண்டாள்.

பிரான்சிஸ்கா திரும்பி வந்தபோது பொழுது சரிந்திருந்தது. கிணற்றடியில் கால் கழுவிவிட்டு வந்தாள். முன்னறையைக் கூட்டித் துடைத்திருந்தார்கள். பெட்டி வைத்த வாங்குகள் வெளியே போயிருந்தன. கூடாரத்துக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முனாஸ் வந்து, போயிட்டு வாறோம் அக்கா என்றார். லாபிர் வானை முன்னுக்கு எடுத்தார்.

"நானா, மஃரிப் நேரமாகுது" என்று முஃப்லிஹா அவரிடம் சொல்வது பிரான்சிஸ்காவுக்குக் கேட்டது. "வழியில எங்கயாவது நிப்பாட்டுவோமா? பொம்பிளைக்கு இடம் இருக்கிற பள்ளியாப் பார்த்து."

"என்னத்துக்கு வழியில?" என்றாள் பிரான்சிஸ்கா.

முஃப்லிஹா திரும்பினாள்.

"இங்க தொழு. தொழுதிட்டுப் போ."

"வேணாம் அன்டி, உங்களுக்குக் கரைச்சல்."

"என்ன கரைச்சல். எந்தப் பக்கம் பாக்கோணும்?"

"மேற்குப் பக்கம். கொஞ்சம் வடக்கால."

"கடல் பக்கம்" என்றாள் பிரான்சிஸ்கா.

முன்னறையின் மேற்குச் சுவரில் இயேசுவின் திருவிருதயப் படமும் அதன் கீழே சிவப்பு பல்பும் இருந்தன. பிரான்சிஸ்கா ஒரு நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு படுக்கிற அறைக்குள் போனாள். கட்டிலை ஒரு பக்கமாகப் பிடித்துத் தள்ளினாள். முஃப்லிஹா உதவிக்கு ஓடி வந்தாள். இரண்டு பேருமாகக் கிழக்குச் சுவரோடு ஒதுக்கினார்கள். கட்டிலுக்குக் கீழே மணல் படிந்திருந்தது. கடலிலிருந்து வந்து அவர் காலை உதறாமல் ஏறிப் படுப்பதால் சேர்ந்த மணல். அதைப் பற்றி எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறாள். விளக்குமாற்றை எடுத்துக் கூட்டி வாசலுக்குத் தள்ளினாள். கழுவி மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியொன்றை எடுத்து உதறி விரித்து, ஓரத்தை இழுத்து நேராக்கினாள்.

"கிணத்தடியில வாளி இருக்கு. போய்க் கை காலைக் கழுவிட்டு வா."

முஃப்லிஹா வந்து நின்றதும் பிரான்சிஸ்கா அறைக் கதவைச் சாத்தாமல் வெளியே வந்து, வீட்டுப் படியில் இருந்தாள். முதுகுக்குப் பின்னால் துணி சரசரக்கும் சத்தமும் மெல்லிய முணுமுணுப்பும் கேட்டன. கடலில் காற்று விழுந்திருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் மூடிய சட்டியில் கஞ்சி கொண்டுவந்தாள். முற்றத்தில் கால் வைத்தவுடனே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிரான்சிஸ்கா உள்ளங்கையை உயர்த்திக் காட்டினாள். அந்தப் பெண் எட்டி உள்ளே பார்த்தாள். பிறகு சூடான சட்டியைச் சேலைத் தலைப்பால் சேர்த்துப் பிடித்தபடி, வந்த இடத்திலேயே மணலில் நின்றாள்.